பனிக்காலத்தில் வாகன என்ஜின் பராமரிப்பு

நீலகிரி மலையில் கார்த்திகை பிறந்ததும் நீர்ப்பனி விழத் தொடங்குகிறது. மார்கழி, தை மாதங்களில் அதுவே உறைபனியாக மாறிவிடுகிறது. இந்த நாட்களில் தேயிலைக் கொழுந்து கருகாமலும் காய்கறிச் செடிகள் வாடாமலும் காப்பாற்ற மலை விவசாயிகள் படும் சிரமம் கொஞ்சமல்ல. அதிகாலையில் தெளிப்பு நீர்க் கருவிகளை இயக்கி இலைமேல் படிந்த பனியைக் கரைக்கிறார்கள். இளஞ்செடிகளைக் காய்ந்த புல், தழை கொண்டு மூடி வைக்கிறார்கள். ஆனால் அதே தோட்டத்தின் ஓரத்தில், அதே பனியில் இரவு முழுவதும் நிற்கும் ஜீப்பையும் பிக்-அப் வேனையும் பவர் டில்லரையும் பற்றிப் பெரும்பாலோர் கவலைப்படுவதில்லை.

காரட் மூட்டைகளை ஏற்றிவிட்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய விலை கைநழுவிப் போகிறது. அது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் என்ஜினுக்குள் நடக்கிறது. சமவெளியில் பல ஆண்டுகள் பழுதில்லாமல் ஓடக்கூடிய என்ஜின், மலையில் சில பனிக்காலங்களிலேயே புகை தள்ளத் தொடங்கி, பிஸ்டன் வளையம் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுவதுண்டு. முறையான பராமரிப்பு இருந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி சென்டிகிரேடுக்கும் கீழே போவதுண்டு. அங்கே கவனிக்காமல் வெளியில் விட்ட என்ஜின் உறைந்து வெடிப்பது உண்மையான ஆபத்து. ஆகையால் என்ஜினை இரவில் சூடாக வைத்திருக்க மின்சார ஹீட்டர் பொருத்துகிறார்கள். வண்டி நிறுத்துமிடங்களிலேயே அதற்கு மின் இணைப்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் 1949-ம் ஆண்டிலேயே இத்தகைய ஹீட்டர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நமது உதகையில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டு நிற்கும். தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் சில இரவுகளில் ஓரிரு டிகிரி அதற்கும் கீழே இறங்கும். அதுவும் விடியலுக்கு முந்திய சில மணி நேரம்தான். எனவே ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. நம் மலையில் குளிர் என்ஜினை ஒரே இரவில் உடைப்பது அபூர்வம். நாள்தோறும் காலையில் சிறிது சிறிதாகத் தேய்ப்பதுதான் வழக்கம். அந்தத் தேய்மானத்துக்குக் குளிரைவிட நம் பழக்கவழக்கங்களே பெரிய காரணம் என்பது என் கருத்து.

வண்டியை எங்கே நிறுத்துவது?

பணச் செலவில்லாத பாதுகாப்பு இதுதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலமும் அதன்மேல் உள்ள பொருள்களும் தம் வெப்பத்தைத் திறந்த வானத்தை நோக்கி வெளிவிட்டு வேகமாகக் குளிர்கின்றன. பானட், கூரை போன்ற மெல்லிய தகடுகள் சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். காற்றின் வெப்பநிலை 2, 3 டிகிரி இருக்கும்போதே வண்டியின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருப்பது இதனால்தான். இடையில் ஒரு கூரையோ மரக்கிளையோ இருந்தால் வெப்ப இழப்பு வெகுவாகக் குறைகிறது. உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளின்மேல் கோத்தகிரி மிலார் செடிகளைக் கவிழ்த்து வைப்பதும் இதே தத்துவம்தான். நான்கு கம்பம் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை போதும், சுவர்கூட அவசியமில்லை.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். உங்கள் நிலத்தில் முதலில் கருகும் செடிகள் எந்தப் பாத்தியில் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அந்த இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. ஓடைக்கரை, ஏரிக்கரை, பள்ளத்தாக்கின் அடி ஆகியவற்றை விட்டுச் சரிவின் நடுப்பகுதியில் நிறுத்துவது நல்லது. முன்பக்கம் கிழக்கு நோக்கி இருந்தால் காலை வெயில் என்ஜின் மூடியின்மேல் விழும். சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்க வேண்டாம்.

சிலர் சாக்கையும் வைக்கோலையும் பானட்டுக்கு உள்ளே என்ஜின் மேலேயே திணித்து வைக்கிறார்கள். இது தவறு. சூடான என்ஜினும் வைக்கோலும் சேர்ந்தால் எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஒரே இரவில் மின்கம்பிகளைக் கடித்துவிடும். மறந்துபோய் அப்படியே கிளப்பினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பழைய கம்பளியோ தார்ப்பாயோ பானட்டுக்கு மேலே, வெளிப்புறமாகப் போட்டு, முன் கிரில் மறையும்படி தொங்கவிட்டால் போதுமானது. காலையில் எடுத்துவிட வேண்டும்.

ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் வேண்டாம்

தண்ணீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் பெருகுகிறது. மூடிய இடத்தில் இப்படிப் பெருகும் பனிக்கட்டி வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். நம் மலையில் என்ஜின் பிளாக் முழுவதும் உறையும் அளவுக்குக் குளிர் நீடிப்பதில்லை என்றாலும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் எளிதில் குளிர்ந்துவிடும். அடிப்பகுதியில் சிறிதளவு பனிக்கட்டி கட்டினாலும் தண்ணீர் சுழலாது. ரேடியேட்டர் ஜில்லென்று இருக்க, என்ஜின் கொதிக்கத் தொடங்கும். ‘பனிக்காலத்தில் எப்படி வண்டி சூடாகிறது?’ என்று விவசாயிகள் வியப்பதற்கு இது ஒரு காரணம்.

மலை விவசாயிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். விடியலில் உறைய வந்த அதே தண்ணீர், மண்டியிலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது கொதித்துப் பொங்குகிறது. கூலண்ட் இந்த இரண்டுக்கும் மருந்து. உறையும் நிலையைக் கீழே தள்ளி, கொதிநிலையை மேலே உயர்த்துகிறது. மேலும் துருவையும் தடுக்கிறது.

கூலண்டில் உள்ள முக்கியப் பொருள் எத்திலீன் கிளைக்கால். மூன்றில் ஒரு பங்கு கூலண்டும் மீதி தண்ணீரும் கலந்தால் மைனஸ் 15 டிகிரி வரை உறையாது. நம் மலைக்கு இது தாராளம். சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். ‘தண்ணீரே சேர்க்காமல் முழுதும் கூலண்ட் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. அல்ல. தனி கிளைக்கால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்; வெப்பத்தைக் கடத்தும் திறனும் அதற்குக் குறைவு. கலப்பதற்குக் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ பயன்படுத்தினால் உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். பாட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே தண்ணீர் கலந்தே விற்கும் கூலண்டும் கடைகளில் உண்டு. அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்கவும். குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் ஓராண்டில் அது மறுபடியும் பச்சைத் தண்ணீராகவே ஆகிவிடும். நிறம் வேறுபட்ட கூலண்டுகளை ஒன்றாகக் கலப்பதையும் தவிர்க்க வேண்டும்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கிளைக்கால் தித்திப்பாக இருக்கும். ஆனால் கொடிய நஞ்சு. சிறுநீரகத்தைப் பாதிக்கும். வடித்தெடுத்த பழைய கூலண்டைத் தொழுவத்தருகே வாளியில் விட்டுவைத்தால் நாயும் கன்றும் நக்கும், குழந்தைகளும் குடித்துவிடலாம். குடித்தது தெரிந்தால் அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு, அல்லது கால்நடையானால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஓடையில் கொட்டுவதும் கூடாது.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றலாமா?

சமவெளிப் பட்டறைகளில் வண்டி சூடாகிறது என்று சொன்னால், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது ஒரு வழக்கமாகவே இருந்து வந்திருக்கிறது. மலைக்காரர்கள் எக்காரணம் கொண்டும் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. இந்தச் சிறிய வால்வு, என்ஜின் சுமார் 80 டிகிரி சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து நிறுத்துகிறது. இதனால் என்ஜின் விரைவில் தன் சரியான வெப்பநிலையை அடைகிறது. வால்வு இல்லாத வண்டி, பனிக்காலத்தில் பத்து மைல் ஓடினாலும் சூடாவதில்லை. குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுமையாக எரியாமல் சுவரோடு வழிந்து அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. பிஸ்டன் வளையங்கள் இரும்போடு இரும்பாக உரசுகின்றன. எரிபொருள் செலவும் கூடுகிறது. வண்டி ஓடும்போது வெப்பமானியின் முள் எப்போதும் அடியிலேயே கிடந்தால், வால்வு இருக்கிறதா, இருந்தால் திறந்தபடியே சிக்கிக்கொண்டதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு வால்வின் விலையை என்ஜினைப் பிரித்து வேலை செய்யும் செலவோடு ஒப்பிட்டால் எது லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதையொட்டி இன்னொன்று. பனிக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் போல நுரை படிந்திருக்கும். சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லி ஹெட்டைக் கழற்ற ஆயத்தமாகிவிடுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். தோட்டத்திலிருந்து சாலை வரை, சாலையிலிருந்து கடை வரை என்று குறைந்த தூரமே ஓடும் வண்டியில், உள்ளே குளிர்ந்து படிந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி எண்ணெயோடு கலந்து இப்படி ஆவதுண்டு. அளவுக் குச்சியில் எண்ணெய் சுத்தமாக இருந்து, கூலண்டின் அளவும் குறையாமல் இருந்தால் கவலையில்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது வண்டியை முப்பது, நாற்பது கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டினால் ஈரம் போய்விடும். குறைந்த தூரமே ஓடும் வண்டிக்கு, கிலோமீட்டர் கணக்கை மட்டும் பாராமல் மாதக் கணக்கையும் பார்த்து ஆயில் மாற்ற வேண்டும்.

ஆயிலும் பாட்டரியும்

ஆயில் டப்பாவில் 15W-40, 20W-40 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். W என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் இளகி ஓடும் என்று பொருள். 20W ஆயில் மைனஸ் 15 டிகிரியிலும், 15W ஆயில் மைனஸ் 20 டிகிரியிலும் என்ஜினைச் சுழலவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்கும் என்ற கணக்கில் தரம் பிரிக்கப்பட்டவை. ஆகவே வண்டிக் கையேட்டில் சொன்ன ஆயிலையே தொடர்ந்தால் நம் மலைக்குப் போதும். 0W என்று விலை உயர்ந்த எண்ணெயைத் தேட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியவர்கள் பழைய வண்டி வைத்திருப்பவர்கள். புகையை அடக்குவதற்காகக் கெட்டியான ஒற்றைத் தர ஆயிலை ஊற்றும் பழக்கம் அவர்களிடம் உண்டு. பனிக்காலக் காலையில் அந்த எண்ணெய் தேன் போல இறுகி, மேலே வால்வு வரை ஏறிச்சேரத் தாமதமாகும். ஏற்கெனவே தேய்ந்த என்ஜின் மேலும் தேயும்.

பாட்டரியின் திறன் பூஜ்ய டிகிரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே நேரத்தில் இறுகிய எண்ணெயைத் தள்ளி என்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக மின்சாரம் தேவைப்படுகிறது. கோடையில் தட்டுத்தடுமாறிக் காலம் தள்ளிய பாட்டரி மார்கழியில் கைவிடுவது இதனால்தான். கார்த்திகையிலேயே சோதித்துவிட வேண்டும். ஹைட்ரோமீட்டரில் ஒப்படர்த்தி 1.260-க்குக் குறையாமலும், வண்டி நின்றிருக்கும்போது மின்னழுத்தம் 12.6 வோல்ட் அளவிலும் இருக்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பூஞ்சையை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாஸ்லைன் தடவவும். கழற்றும்போது முதலில் நெகடிவ் கம்பியையும், பொருத்தும்போது கடைசியாக அதையும் கையாள வேண்டும்.

டீசலில் வரும் தொல்லை

டீசலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. குளிரில் அது திரண்டு வடிகட்டியை அடைக்கும். நம் நாட்டின் தர நிர்ணயப்படி, வடிகட்டி அடைபடும் வெப்பநிலை குளிர்கால டீசலுக்கு 6 டிகிரிக்கும், மற்ற மாதங்களில் விற்பதற்கு 18 டிகிரிக்கும் மேற்படக் கூடாது. இதிலிருந்து விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆவணியில் வாங்கிப் பீப்பாயில் வைத்திருந்த டீசலைத் தையில் ஊற்றக் கூடாது என்பதே. பனிக்காலத்துக்கான டீசலைப் பனிக்காலத்திலேயே, முடிந்தால் மலையில் உள்ள பங்க்கிலேயே நிரப்பவும். லடாக் போன்ற இடங்களில் இந்தத் தொல்லை பெரிது. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது. நமக்கு அந்த அளவு வேண்டியதில்லை.

டாங்கை மாலையிலேயே நிரப்பிவிடுவது நல்லது. பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து அடியில் தண்ணீராகச் சேரும். வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி வாரம் ஒருமுறை அதை வடித்துவிட வேண்டும். மெழுகு இளகட்டும் என்று மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, டீசல் பம்புக்கு வேண்டிய வழவழப்பையும் போக்கிவிடும். புதிய டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்த யூரியா கரைசல் ஊற்றும் தனி டாங்க் சிலவற்றில் இருக்கும். அது மைனஸ் 11 டிகிரியில்தான் உறையும், நமக்குப் பயமில்லை. ஆனால் வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து ஊற்றும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடவும்.

காலையில் கிளப்பும் முறை

டீசல் என்ஜின் காற்றை அழுத்தி உண்டாகும் சூட்டில்தான் பற்றுகிறது. மலையில் காற்று குளிர்ந்தும் இருக்கிறது, அடர்த்தி குறைந்தும் இருக்கிறது. ஆகவே ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுக்க வேண்டும். விளக்குகள், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்து, கிளட்சை முழுதும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பவும். கிளட்சை மிதிப்பதால் கியர்ப் பெட்டியின் இறுகிய எண்ணெயைச் சுழற்றும் சுமை பாட்டரிக்கு மிச்சம். பத்து விநாடிக்குமேல் தொடர்ந்து சுழற்றக் கூடாது. பற்றவில்லையென்றால் ஒரு நிமிடம் விட்டு மீண்டும் முயலவும்.

பற்றிய உடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவதுதான் என்ஜினுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். எண்ணெய் மேலே ஏறி வர சில விநாடிகள் ஆகும். டர்போ உள்ள வண்டியானால் அதன் தாங்கிகளுக்கும் அதே எண்ணெய்தான் போக வேண்டும். இதற்கு நேர்மாறாக, வண்டியைக் கிளப்பி விட்டுவிட்டு உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வருவதும் சரியல்ல. சும்மா ஓடும் என்ஜின் வெகு மெதுவாகவே சூடாகும். அவ்வளவு நேரமும் எரியாத எரிபொருள் எண்ணெயில் கலந்துகொண்டிருக்கும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நிற்கவிட்டு, பிறகு மிதமான வேகத்தில் ஓட்டத் தொடங்கி, முள் நடுவுக்கு வரும் வரை ஏற்றத்தில் முழு பாரத்தோடு விரட்டாமல் இருப்பதே சரியான முறை.

சரிவில் உருட்டிக் கிளப்பும் பழக்கம் மலையில் அதிகம். என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவமும், பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. வளைவில் இது உயிரோடு விளையாடுவதாகும். அடுத்த வண்டியின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்புவதே பாதுகாப்பு. ஆயில் தொட்டியின் அடியில் தீ மூட்டிச் சூடாக்குவது, பெட்ரோல் நனைத்த துணியைக் காற்றுக் குழாயில் பிடிப்பது ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும்.

பவர் டில்லரும் பம்பு செட்டும்

வயலிலேயே இரவு தங்கும் இவற்றுக்குக் கூலண்ட் ஊற்றுவோர் குறைவு. திறந்த தொட்டியில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கும் வகையானால், வேலை முடிந்து என்ஜின் ஆறியபின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து முழுதும் வடித்துவிட வேண்டும். அடைப்பு ஏதும் இல்லாமல் கடைசிச் சொட்டு வரை வடிகிறதா என்று பார்க்கவும். கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்தால், காலையில் வருகிற ஆள் தண்ணீர் இல்லாமல் கிளப்பிவிட மாட்டார். டீசல் பம்பு செட்டில் என்ஜினை மட்டும் கவனித்துவிட்டுப் பம்பை மறந்துவிடுகிறார்கள். பம்பின் வார்ப்பு உறைக்குள் தேங்கும் தண்ணீரும் உறைந்தால் உறை விரியும். அதன் அடியிலும் வடிப்பதற்கு ஒரு திருகு உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே பனிக்கட்டி தெரிகிறதென்று வைத்துக்கொள்வோம். என்ஜினைக் கிளப்ப வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை அதன்மேல் ஊற்றவும் வேண்டாம். திடீர்ச் சூட்டில் விரிசல் விழும். வெயில் படும் இடத்துக்குத் தள்ளி நிறுத்தித் தானாக உருகவிட வேண்டும். உருகியபின் ரப்பர் குழாய்கள், ரேடியேட்டரின் அடி, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகள் ஆகிய இடங்களில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கவும். அடுத்து ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கவும். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். அந்த வண்டியை ஓட்டிச் செல்லாமல் கயிறு கட்டித்தான் பட்டறைக்கு இழுத்துச் செல்ல வேண்டும். எண்ணெய் சுத்தமாகவும் ஒழுக்கு இல்லாமலும் இருந்தால் பழைய தண்ணீரை வடித்துவிட்டு, அன்றே கூலண்ட் நிரப்பிவிடலாம்.